கண்ணாடி கழுவுகிற போத்தல்

2001 மே 9, புதன்கிழமை முற்பகலில், கூடலூர்–ஊட்டி சாலையில் நடுவட்டம் கடைவீதிக்குச் சற்றுக் கீழே, பச்சைத் தேயிலை ஏற்றிய டீசல் லாரி ஒன்று நின்றது.

முன்மூடியைத் தூக்கியதும் ஆவி சீறிக்கொண்டு மேலே கிளம்பியது. டிரைவர் அய்யாவு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது அடங்கும்வரை சாலையைப் பார்த்தபடி நின்றார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்த ஆறு பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் ரேணுகா.

"என்னாண்ணே?"

"கூலன்ட் போத்தல் போயிருச்சு."

அய்யாவு இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, வாலிபத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். இத்தனை வருஷம் நீலகிரியில் லாரி ஓட்டியும் அவர் வாயில் பாட்டில் என்ற சொல் நுழையவில்லை. விரலால் காட்டினார். ரேடியேட்டரை ஒட்டி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. எஞ்சின் சூடேறும்போது ரேடியேட்டரில் மிஞ்சுகிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக அதற்குள் போகும். சூடு தணிந்ததும் அதே வழியில் திரும்பி வரும். பழுப்பேறிக் கிடந்த அந்த டப்பா அடியில் மூலைக்கு மூலை வெடித்திருந்தது. போன தண்ணீர் திரும்பி வராமல் கூடலூரிலிருந்து இதுவரைக்கும் ரோட்டுக்குக் கோலம் போட்டுவிட்டிருந்தது.

"ஓட்டிப் பாக்க முடியாதா?"

"ஏத்தம் ஏறினா மறுபடி கொதிக்கும். இன்னொரு தரம் கொதிச்சா எஞ்சின் பிடிச்சுக்கும். அப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து தள்ளிக்கிட்டே கட்டபெட்டு போவலாம்."

"தள்ளுறதுன்னா இப்பவே சொல்லிரு," என்றாள் தெய்வம்மா. பெண்களில் மூத்தவள் அவள்தான். மூன்று நாளாக மூக்கடைப்பு. பேச்செல்லாம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. "சோறு தின்னுட்டுத் தள்ளுறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். ரேணுகாவால் சிரிக்க முடியவில்லை. இந்த லோடைப் பேசி முடித்தவள் அவள்.

தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம். அவர்கள் வேலை செய்த மேல்மலை எஸ்டேட்டின் முதலாளி, கூலி கொடுக்க வழியில்லை, கொழுந்தைப் பறித்து நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். விற்பதற்குத்தான் இடமில்லை. பக்கத்து ஃபாக்டரிகள் பாதி நாள் மூடிக் கிடந்தன. மீதி நாளில் சொந்த இலைக்கே இடமில்லை என்றன. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பல வீடுகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தன. ரேணுகா பஸ் ஏறி ஃபாக்டரி ஃபாக்டரியாகப் போய்க் கேட்டாள். ஊட்டிக்கும் அந்தப் பக்கம், கட்டபெட்டில் ஒரே ஒருவர் சரி என்றார். அந்த ஃபாக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் அருண்பிரசாத்.

"ஒரு லோடு கொண்டாங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு, அவ்வளவுதான் இருக்கணும். நல்லாயிருந்தா தொடர்ந்து எடுத்துக்கறேன். இல்லைன்னா வண்டியத் திருப்பி விட்டுருவேன், அப்பறம் வந்து கெஞ்சக் கூடாது. அஞ்சு மணிக்கு எடை மிஷினை மூடிருவோம்."

அதற்காகக் கத்தரி போடாமல், விடிந்ததிலிருந்து லயமே சேர்ந்து விரலால் கிள்ளி எடுத்த கொழுந்து அது. மூட்டையில் அடைபட்டு வெயிலில் நின்றால் உள்ளே சூடேறிச் சிவந்துபோகும்.

"மூட்டைய இறக்குங்க," என்றாள் ரேணுகா. "நெழல்ல பிரிச்சுக் கொட்டுங்க. நான் அண்ணன்கூடப் போய் போன் பண்ணிட்டு வாரேன்."

லாரிக்குச் சொந்தக்காரர் ஆறுமுகசாமி கடைவீதியிலேயே மளிகைக் கடை வைத்திருந்தார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக மலையில் குளிரைத் திட்டிக்கொண்டே இருப்பவர். அய்யாவு சொன்னதைக் கேட்டுத் தராசை அப்படியே வைத்தார்.

"ஏனுங்க அய்யாவு, போன வாரந்தானுங்க பெல்ட்டு மாத்துனோம்? புது மாப்பிள்ளை மாமனார் ஊட்டுல கேக்கற மாதிரி வாராவாரம் ஒண்ணு கேக்குதே இந்த வண்டி."

"மாப்பிள்ளைக்கு வயசாச்சு மொதலாளி."

"வேற வண்டி ஏதும் கெடைக்குங்களாண்ணே?" என்று கேட்டாள் ரேணுகா.

"சீசன்ம்மா. இருக்கற வண்டியெல்லாம் காரட்டு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் போயிருச்சு. ஊட்டில வேலாமணி ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்குது. சொன்னா பஸ்ஸுல குடுத்து உட்டுருவாரு. பேசுங்க."

மலையில் அதுதான் வழக்கம். மருந்து, பெல்ட்டு, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் கண்டக்டர் கையில் கொடுத்தால் வந்து சேரும். அய்யாவு ரிசீவரை வாய்க்கு அருகில் வைத்துக் கத்தினார்.

"வேலாமணியா? நடுவட்டம் அய்யாவு. தண்ணி போத்தல் ஒண்ணு வேணும், நம்ம வண்டிக்கு."

மறுமுனைக் குரல் ரேணுகாவுக்கும் கேட்டது. "தண்ணி பாட்டிலுங்களா? மூடிக்குள்ளார உக்காருமே, வெள்ளையா?"

"அதேதான். வெள்ளை போத்தல்."

"இருக்குதுங்க. கூடலூர் வண்டி கெளம்பப் போகுது, இப்பவே குடுத்து உடறனுங்க."

அய்யாவு ரிசீவரை வைத்துவிட்டு, வேலை முடிந்தவர் போல் ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது ரோட்டோரம் திருவிழாவாக இருந்தது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் தார்ப்பாயையும் சாக்குகளையும் விரித்து, ஆள் உட்கார இடமில்லாமல் பச்சை பரப்பியிருந்தார்கள். சமவெளியிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தியிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன கீரை?"

தெய்வம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "மலைக்கீரைம்மா. தேங்கா போட்டுப் பொரியல் பண்ணுங்க. ராத்திரி சாப்பிட்டா விடிய விடிய கண்ணு கொட்டாம ஊட்டியச் சுத்திப் பாக்கலாம்."

"அப்படியா? கட்டு என்ன வெல?"

அவ்வளவுதான், இந்துமதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள். அவள் லயத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகாத மருமகள். இன்னும் எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்துவிடும். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தாள். தேநீர் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை என்றாள். எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். போகும்போது ஒரு பெரிய பொட்டலம் முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கொழுந்தைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே முறுக்கைத் தின்றார்கள். மேலே மேகம் வந்து போனது. வேலை நேரத்தில் இப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று யாரோ கேட்க, உட்கார்ந்திருப்பதுதான் வருஷக்கணக்காக வேலையாயிற்றே என்று இன்னொருத்தி சொன்னாள். ரேணுகா கொழுந்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவளும் ஒரு முறுக்கை எடுத்தாள்.

சீசன் நெரிசலில் பஸ் நேரம் கழித்துத்தான் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். அய்யாவு பிரித்தார். பிரித்தவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

வெள்ளைப் பிளாஸ்டிக்தான். புதிதுதான். அடிப்பக்கத்தில் ஒரு குட்டி மோட்டார் செருகியிருந்தது.

"என்னாண்ணே அது?"

"கண்ணாடி கழுவுற போத்தல்," என்றார் அய்யாவு மெதுவாக. "வைப்பர் போடும்போது முன்கண்ணாடிக்குத் தண்ணி அடிக்குமே, அது."

பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்த ஆறுமுகசாமி இடுப்பில் கையை வைத்தார். "நீங்க என்னன்னுங்க கேட்டீங்க?"

"தண்ணி போத்தல்னு."

"அவரும் தண்ணி பாட்டில்தானுங்க குடுத்திருக்காரு. கூலன்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்?"

"அதுலயும் தண்ணிதானே ஊத்துறோம். கூலன்ட்டுக்கு நீங்க என்னைக்குக் காசு குடுத்தீங்க?"

இந்துமதி மறுபடி மரத்துக்குப் பின்னால் போனாள்.

"பரவால்ல," என்றாள் தெய்வம்மா. "கண்ணாடியக் கழுவிக்கிட்டு உக்காந்திருப்போம். கட்டபெட்டு இங்கேருந்தே தெரியும்."

அடுத்த பஸ்ஸில் சரியான டப்பா வந்தாலும், அதைப் பூட்டிக் கிளம்பினால் எடை மிஷின் மூடியிருக்கும். ரேணுகா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்; எப்படிப் போட்டாலும் ஐந்து தாண்டியது. அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கொட்டகையில் யூகலிப்டஸ் தைலம் விற்கும் பழனியாண்டி ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் கேன், நல்ல கனம், திருகு மூடி.

"வெடிக்காது. வருசக்கணக்கா தைலம் ஊத்துனது. மூடில ஓட்டை போட்டு உங்க கொழாய உள்ள விட்டுக்கங்க."

அய்யாவு யோசித்தார். டப்பாவுக்கு அழுத்தம் தாங்கும் வேலை இல்லை; தண்ணீரைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். கேனைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். கம்பியால் கட்டினார்கள். ஆறிப்போன ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டார்கள். மூட்டைகளை நிரப்பி ஏற்றியாயிற்று. தவறி வந்த பாட்டிலை ஊட்டியில் திருப்பிக் கொடுத்துவிடும்படி ஆறுமுகசாமி ரேணுகாவின் மடியில் வைத்தார்.

லாரி நடுவட்டம் கடைவீதியைத் தாண்டி ஏற்றத்தில் முனகியது. முதல் வளைவில் லேசாக ஒரு வாசனை. இரண்டாவது வளைவில் கண்ணில் நீர் வந்தது. சூடு ஏற ஏற, கேனின் சுவரில் ஊறிக் கிடந்த தைலமெல்லாம் வெந்நீர் ஆவியில் கிளம்பி, கேபினைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. எதிரே வந்த கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி மூக்கை நீட்டினார்கள்.

தெய்வம்மா இரண்டு முறை தும்மினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். "அடியே, மூக்கு தெறந்துருச்சுடி." குரல் பானையை விட்டு வெளியே வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். கங்காணியின் மீசையைப் பற்றிய பாட்டு. மற்றவர்கள் கை தட்டினார்கள். இந்துமதி மீசை வரும் இடமெல்லாம் கூடச் சேர்ந்தாள்.

ரேணுகாவும் இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் நிறுத்தினாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் எஸ்டேட் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவள். தலைவலி என்று நெற்றியில் தைலம் தடவி வந்தவளைப் படியிலேயே திருப்பி அனுப்புவார்கள். மல்லிகைப்பூ வைத்து வந்தால் பூவைக் கழற்றச் சொல்வார்கள். பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் தேயிலை அதைக் குடித்துக்கொள்ளும்.

கேபினின் கூரையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

லாரி பைக்காராவுக்கு முன்னால் ஒரு ஓடைப் பக்கமாக ஒதுங்கி நின்றது. ரேணுகா முன்வரிசை மூட்டை ஒன்றைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். தெய்வம்மாவிடம் நீட்டினாள்.

தெய்வம்மா முகர்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. "வீசுது," என்றாள்.

அய்யாவு கீழே நின்று தலையைச் சொறிந்தார். "கேனைக் கழட்டிட்டா வண்டி நிக்கும். கழட்டலைன்னா கொழுந்து போவும். எதுன்னு சொல்லு, செய்றேன்."

ரேணுகா மடியிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல தண்ணி நிக்காதாண்ணே?"

"அடியில மோட்டாரு இருக்குது. அதக் கழட்டுனா ஓட்டை."

"எவ்வளவு ஓட்டை?"

அய்யாவு மோட்டாரைப் பிடித்து இழுத்தார். மோட்டார் கழன்று வந்த இடத்தில் தடிமனான ஒரு ரப்பர் வளையம் தங்கியது. அதன் நடுவில் ஒரு துளை. ரேணுகா கீழே இறங்கி, ரேடியேட்டரிலிருந்து வரும் குழாயின் நுனியைப் பிடித்து அந்தத் துளையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அய்யாவு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கொழாய் தண்ணிக்குள்ளதான் முங்கி இருக்கணும், அப்பத்தான் திருப்பி இழுக்கும்," என்று தனக்குத்தானே சொன்னார். "அடிவழியாப் போனா எப்பவும் முங்கித்தான் இருக்கும்."

"அப்ப?"

"அப்ப என்ன. வேலாமணி தப்பா அனுப்புனதே சரியாப் போச்சு. இத அவன்கிட்ட சொல்லிறாத, வெல ஏத்திருவான்."

குழாய் கொஞ்சம் தளர்வாக இருந்தது. தார்ப்பாய் கட்டும் டியூப் ரப்பரில் ஒரு வாரை அறுத்து, துளையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இந்துமதி ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். எஞ்சின் ஆறும்வரை பொறுத்து, ரேடியேட்டரில் இருந்ததை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார்கள். அய்யாவு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் மெல்லப் பாட்டிலில் ஏறியது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பழனியாண்டியின் கேனைக் கீழே போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தார்கள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டிப் பிடித்தபடி வாங்கிக்கொண்டார்.

முன்வரிசை மூட்டைகளைச் சோதிப்பது மிச்சமிருந்தது. ரேணுகா ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தாள். நான்கில் வாசம் இருந்தது.

"காத்துல போயிராதா?" என்றாள் ஒருத்தி.

"போனாலும் போவும். போவலைன்னா நாலு மூட்டையால மொத்த லோடும் திரும்பும். இறக்கிரலாம்."

மூட்டையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாலே யாருடையது என்று தெரியும். இரண்டு ரேணுகாவுடையது. இரண்டு தெய்வம்மாவுடையது. தெய்வம்மா தன் மூட்டைகளைப் பார்த்தாள். விடியற்காலையில் தலையில் துணி போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பறித்தது.

"காலையிலருந்து இந்த மூக்கு அடச்சே இருந்திருக்கக் கூடாதா," என்றாள் கடைசியில். "வாசமே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். எடு, அந்தப் பக்கம் பிடி."

அவளே முதல் மூட்டையை இழுத்துச் சரிவில் கொட்டினாள். நான்கும் கொட்டியாயிற்று. இந்துமதி யாரையும் கேட்காமல் தன் மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளித் தெய்வம்மாவின் காலிச் சாக்கில் போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டார்கள். சாக்கு பாதிக்கு மேல் நிரம்பியது.

"போதும்டி," என்றாள் தெய்வம்மா. "எனக்கு எடை கூடுனா டீ மேக்கரு சந்தேகப்படுவாரு."

ஊட்டிக்குள் நுழைந்தபோது ரோடு நிறையக் கார்கள். லாரி அடி அடியாக நகர்ந்தது. அய்யாவு நொடிக்கொருதரம் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். முள் நடுவிலேயே இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். எதற்கோ என்று எல்லாரும் பயந்தபோது, மூக்கைச் சுருக்கி, "தைலம் ஏத்திட்டுப் போறீங்களா? பில் இருக்கா?" என்றார். அய்யாவு இறங்கி மூட்டையைக் காட்டி நடந்ததைச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே வழி ஒதுக்கி விட்டார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பக்கம் அவர்கள் திரும்பவில்லை. கோத்தகிரி ரோட்டைப் பிடித்தார்கள். தொட்டபெட்டா சந்திப்பு தாண்டியதும் இறக்கம் வந்தது. லாரி மூச்சு வாங்காமல் ஓடியது. பாட்டு மறுபடி தொடங்கியது, விட்ட மீசையிலிருந்து.

ஃபாக்டரி கேட்டுக்குள் அவர்கள் நுழைந்தபோது எடை போடுகிறவன் மிஷின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தான். அருண்பிரசாத் ஆபீசிலிருந்து வந்து மணியைப் பார்த்தார். ஐந்தாகச் சில நிமிஷம் இருந்தது. ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்.

கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். முகர்ந்தார். புருவம் சுருங்கியது. இன்னொரு மூட்டை. அதையும் முகர்ந்தார். மூன்றாவதாகப் பின்வரிசையிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னார்.

"எங்கயோ தைலம் வாசம் வருது," என்றார்.

அவர் மூக்கு காற்றில் திரும்பி, மூட்டைகளைத் தாண்டி, வரிசையாக நின்ற பெண்கள் பக்கம் வந்து நின்றது. இரண்டடி முன்னால் வந்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"இலையில இல்ல. உங்க மேலதான். ஆறு பேருக்குமா தலவலி?"

"ஏழு பேருக்கு," என்றாள் தெய்வம்மா, அய்யாவுவைக் காட்டி. "எல்லாம் இவர் வண்டி குடுத்தது."

அருண்பிரசாத் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்த வாசத்தோட வாட்டுற மாடிப் பக்கம் யாரும் போகக் கூடாது. இங்கயே நில்லுங்க." எடை போடுகிறவனிடம் திரும்பி, "சாக்கை எடு" என்றார்.

மூட்டைகள் எல்லாம் எடை போடப்பட்டன. இலை முதல் தரம் என்று எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் ஒரு லோடு கொண்டுவரும்படி அருண்பிரசாத் ரேணுகாவிடம் சொன்னார். அவள் சரி என்றாள்.